சைமன் கையில் ஓடிய குவைத் நேரம்

கூட்டணுமா கழிக்கணுமா என்று தெரியாத ஆள் பெண்டாட்டியைக் குவைத்துக்கு அனுப்பலாமா என்று ஷஃபியுல்லா பாய் ஒரு நாள் பஸ்ஸுக்குள் வைத்தே கேட்டுவிட்டார். பஸ்ஸே சிரித்தது. சைமனும் சிரித்தான். வேறென்ன செய்வது? ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருக்கிற மனுஷன் கோபித்துக்கொண்டு எங்கே எழுந்து போவான்?

ஒடுகத்தூரிலிருந்து ஜவ்வாது மலைமேல் போகிற பஸ்ஸுக்கு சைமன் டிரைவர். மத்தியானத்துக்கு மேல் மலையேறுகிற வண்டி அது ஒன்றுதான். விட்டால் மறுநாள் காலைதான். அதனால் அதில் மனிதர்கள் மட்டும் ஏறுவதில்லை. அரிசி மூட்டை, காலைக் கட்டிய கோழி, புதுக் கதவு, சீர் கொடுக்க வாங்கிய பீரோ வரைக்கும் ஏறும். சைமன் முகம் சுளிக்க மாட்டான். ஆள் நல்ல உயரம், நல்ல அகலம், ஆனால் வாய் மட்டும் கிடையாது. "எங்க டிரைவரு ஒரு வார்த்த சொல்றதுக்குள்ள வண்டி ரெண்டு வளைவு ஏறிடும்" என்பான் கண்டக்டர் மணிவேல். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனாலும் கடைசி வரிசையில் வாசல் ஓரமாக நின்றுவிட்டு, சாமியார் வெளியே வந்து பேச்சுக் கொடுப்பதற்குள் நழுவிவிடுகிற ரகம்.

அப்படிப்பட்டவனுக்கு வாய்த்தவள் ஜெயசெல்வி. அவள் இருந்தவரைக்கும் வீட்டில் பேசுவதற்கு அவள் போதும். அவன் கேட்டுக்கொண்டிருந்தால் போதும். வீட்டுக்கு மேல்தளம் போட வேண்டும், மகள் ஜோஸ்லினை நர்சிங் படிக்க வைக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு, குவைத்தில் வீட்டு வேலைக்குக் கிளம்பினாள். இரண்டு வருஷம் என்று போனவள், நடுவில் ஒரு மாதம் வந்து தலையைக் காட்டிவிட்டு இன்னொரு இரண்டு வருஷத்துக்குப் போய்விட்டாள். தளம் போட்டாகிவிட்டது. ஜோஸ்லின் வேலூரில் ஹாஸ்டலில் இருக்கிறாள். புதுத் தளத்துக்குக் கீழே சைமன் ஒற்றை ஆளாகப் பழைய சோற்றைப் பிழிந்து தின்றுகொண்டிருந்தான்.

செல்வி வேலை பார்க்கிற வீட்டில் வேலைக்காரிகளுக்கு போன் கூடாது. அது அந்த வீட்டுச் சட்டம். வாரத்தில் ஒரு நாள், வெள்ளிக்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்து வீடே தூங்கப் போகும்போது, வீட்டுக்காரம்மா தன் போனைக் கொடுத்து, சீக்கிரம் பேசிவிட்டுத் தா என்பாள். செல்வி கூப்பிடலாம். சைமன் அந்த எண்ணுக்குத் திருப்பிக் கூப்பிடக் கூடாது. ஒரு தடவை கூப்பிட்டு, அந்தம்மா எடுத்து ஏதோ கத்தி, செல்விக்கு இரண்டு வாரம் போன் இல்லாமல் போயிற்று. அதிலிருந்து சைமன் அந்த எண் பக்கம் விரலைக் கொண்டுபோவதே இல்லை.

அவள் கூப்பிடுகிற நேரத்துக்கு சைமன் மலையில் ஏறிக்கொண்டிருப்பான். மலையில் டவர் கிடையாது. ஒரே ஒரு கொண்டை ஊசி வளைவில், பெரிய பாறையை ஒட்டி, ஒரு இருபது முப்பது அடி தூரத்துக்கு மட்டும் எங்கிருந்தோ சிக்னல் வரும். அதற்கு டவர் வளைவு என்றே பெயர் வைத்துவிட்டார்கள். சைமன் அங்கே வண்டியை ஓரம் கட்டி, ரேடியேட்டர் சூடு ஆறட்டும் என்பான். சூடு ஆறுவது எல்லா நாளும்தான், ஆனால் வெள்ளிக்கிழமை மட்டும் அந்த ரேடியேட்டருக்கு ஆற நேரம் எடுக்கும். பஸ்ஸில் எல்லோருக்கும் விஷயம் தெரியும். ஒருத்தரும் முணுமுணுக்க மாட்டார்கள். முணுமுணுக்காததற்குக் காரணம் இரக்கம் மட்டும் அல்ல. கேட்பதற்கு அவ்வளவு சுவாரசியம்!

சைமனிடம் இருந்தது பட்டன் போன். அதில் செல்வி பேசுவது கடைசி சீட்டு வரைக்கும் கேட்கும். செல்விக்குப் பல்வலி என்பது ஜோஸ்லினுக்குத் தெரிவதற்கு முன்னால் மலைமேல் இருக்கிற செவ்வந்திக்குத் தெரியும். செவ்வந்தி வாரச் சந்தைக்கு வந்து போகிற பெண், முன் சீட்டை யாருக்கும் விட மாட்டாள்.

"கிராம்பு வெச்சி கடிக்க சொல்லுண்ணா!" என்று அவள் கத்த, "யாருங்க அது?" என்று குவைத்திலிருந்து செல்வி கேட்க, "நான்தாங்கா, செவ்வந்தி!" என்று இவள் சொல்ல, அந்த வாரம் சைமனுக்குக் கிடைத்தது "சரி, வெச்சிடறேன்" என்கிற ஒரே வார்த்தைதான்.

இதில் நேரக் குழப்பம் வேறு. போன புதிதில் செல்வி நம்ம ஊர் நேரத்தில்தான் சொல்வாள். வருஷம் ஆக ஆக அந்த ஊர் மணியே அவள் வாயில் வந்துவிட்டது. "அடுத்த வாரம் ரெண்டு மணிக்கு" என்பாள். ரெண்டரை மணி வித்தியாசம் என்பது சைமனுக்குத் தெரியும். அது முன்னாலா பின்னாலா என்பதுதான் ஒவ்வொரு தடவையும் தலையைச் சுற்றும். ஒரு வெள்ளிக்கிழமை கழித்துப் பார்த்துவிட்டு, காலையிலேயே வீட்டு வாசலில் போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தான். அது அடிக்கவில்லை. சாயங்காலம் டவர் வளைவில் நிற்காமலே வண்டியை மேலே ஏற்றிவிட்டான். அந்த வாரம் போச்சு.

அதைக் கேட்டுவிட்டுத்தான் செல்வி கடிகாரம் வாங்கி அனுப்பினாள். ஊருக்குத் திரும்புகிற ஒரு பெண்ணிடம் கொடுத்தனுப்பினாள். கனமான ஸ்டீல் கடிகாரம். கண்ணாடியைச் சுற்றி ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண் போட்ட ஒரு கறுப்பு வளையம். அந்த வளையம் திரும்பும்.

"எங்க வூட்டு சாரு இந்த மாதிரிதாங்க கட்டிருக்காரு. வளையத்த திருப்பி வெச்சா எங்க டைமு தெரியும்" என்றாள் போனில்.

எங்க டைமு. எங்க வூடு. சைமனுக்குச் சுருக்கென்றது. உன் வூடு ஒடுகத்தூர்ல இருக்குது என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. பஸ்ஸில் நாற்பது பேர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். "சரி சரி" என்றான்.

வளையத்தை அவனே திருப்பி வைத்துக்கொண்டான். அடுத்த வெள்ளி, போன் வந்ததும் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் பெருமையாகக் கேட்டான்: "ராத்திரி ஏழு மணிக்கே உங்க மேடம் தூங்கிட்டாங்களா?"

"ராத்திரியா? இன்னாங்க பேசறீங்க, இங்க வெயிலு மண்டைய பொளக்குது!"

அன்றைக்குத்தான் ஷஃபியுல்லா பாய் அந்தக் கூட்டல் கழித்தல் கேள்வியைக் கேட்டார். பாய் புளி, தேன் வாங்கி விற்கிற வியாபாரி. வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடித்து, சாப்பிட்டு, இந்த வண்டியில் ஏறி மேலே போய், மறுநாள் சரக்கோடு இறங்குவார். சின்ன வயதில் குவைத்தில் பதினோரு வருஷம் ஒரு மளிகைக் கடையில் நின்றவர். அரபி சரளமாக வரும். கோபமும் அதே அளவுக்கு வரும்.

"குடு இப்டி" என்று கடிகாரத்தைக் கழற்றி வாங்கினார். "சூரியன் மொதல்ல நம்ம மலைக்கு வருது. அப்புறமா அரபு நாட்டுக்கு போவுது. அப்போ யாரு பின்னாடி?"

"அவங்க" என்றாள் செவ்வந்தி.

"உன்ன கேட்டனா? டிரைவர கேட்டேன்!"

"அவங்கதான் பாய்" என்றான் சைமன்.

"ஆங். அப்போ வளையத்துல இருக்கற பன்னெண்ட, உள்ள இருக்கற ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல கொண்டாந்து வெய்யி. நீ ஒம்போதுக்கும் பத்துக்கும் நடுவுல வெச்சிருக்க, உன் பெண்டாட்டிய ஜப்பானுக்கு அனுப்பின மாதிரி. இப்போ சின்ன முள்ளு வளையத்துல எத காட்டுதோ அது குவைத்து மணி. நமக்கு அரைன்னா அவங்களுக்கு முழுசு. பெரிய முள்ளு ஆறுல வந்து நின்னா அங்க மணி அடிக்குதுன்னு அர்த்தம். புரிஞ்சிதா?"

சைமன் புரிந்தது என்று தலையாட்டினான். இரண்டு நாள் கழித்துத்தான் நிஜமாகப் புரிந்தது. புரிந்த பிறகு அவனைப் பிடிக்க முடியவில்லை. காலையில் டீ குடிக்கும்போது பார்ப்பான்: அங்கே இன்னும் விடியவில்லை, செல்வி தூங்குகிறாள். முதல் டிரிப் முடித்து இறங்கும்போது பார்ப்பான்: அந்த வீட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்பிக்கொண்டிருப்பாள். அவன் சாப்பிட்டு முடித்துப் படுக்கும்போது அங்கே அவளுக்கு இன்னும் ராத்திரிப் பாத்திரமே விழுந்திருக்காது. அவள் நின்றுகொண்டிருக்கும்போது தான் படுத்திருக்கிறோமே என்று எழுந்து உட்காருவான். அப்புறம் என்ன செய்வது என்று தெரியாமல் திரும்பப் படுப்பான். அவள் என்ன செய்கிறாள் என்று தெரிந்து என்ன ஆகப் போகிறது? கூடப் போய் ஒரு தட்டைக் கழுவி வைக்க முடியுமா? இருந்தாலும் பார்ப்பான்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். சைமன் தன் கடிகாரத்தை எப்போதும் பத்து நிமிஷம் முன்னாலேயே வைத்திருப்பான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் டிப்போவுக்கு லேட்டாகப் போய் எல்லோர் முன்னாலும் பேச்சு வாங்கியதிலிருந்து வந்த பழக்கம். பஸ் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் இப்படித்தான். புதுக் கடிகாரம் வந்ததும் கை தன்பாட்டில் அதையும் பத்து நிமிஷம் தள்ளி வைத்தது. இந்த ஊர் மணியைப் பார்க்கும்போது அவன் மனசு தானாகப் பத்தைக் கழித்துக்கொள்ளும். அது ஒன்றுதான் அவனுக்கு வந்த கழித்தல். ஆனால் வளையத்தைப் பார்த்துக் குவைத் மணி சொல்லும்போது கழிக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. அது அந்த ஊர் மணி ஆயிற்றே! அதற்கும் இவன் டிப்போவுக்கும் என்ன சம்பந்தம்?

"ரெண்டு மணின்னா ரெண்டு மணிக்கு கூப்புட மாட்டியா? எப்ப பாத்தாலும் பத்து நிமிஷம் லேட்டு" என்று ஒரு தடவை கேட்டான்.

"ஹால்ல இருக்கற கடியாரத்த பாத்துட்டு டாண்ணு ரெண்டுக்கு கூப்புடறேங்க."

"அப்போ அந்த கடியாரம் ஸ்லோவா இருக்கும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டான். அவ்வளவு பெரிய வீட்டில் சரியாக ஓடாத கடிகாரம் மாட்டியிருக்கிறார்களே என்று மணிவேலிடம் ஆச்சரியப்பட்டான். மணிவேலும் ஆமாம் என்று ஆச்சரியப்பட்டான். நன்றாகச் சேர்ந்தார்கள் இரண்டு பேரும்.

இப்படியே ஓடிக்கொண்டிருந்தது. செல்வியின் இரண்டாவது இரண்டு வருஷமும் முடிகிற நேரம் வந்தது.

அந்த வெள்ளிக்கிழமை பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. மேலே ஒரு ஊரில் திருவிழா. செல்வி வழக்கமாகக் கேட்கிற ஜோஸ்லின், தண்ணி மோட்டார், பக்கத்து வீட்டுச் சண்டை எதையும் கேட்கவில்லை. நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"ஏங்க, மேடம் கேக்கறாங்க. இன்னும் ரெண்டு வருசம் இருக்கறியா, போறியான்னு. விசா பேப்பரு போடணுமாம். அடுத்த வெள்ளிக்கெழமைக்குள்ள சொல்லணும். இன்னா சொல்றது?"

பஸ்ஸில் பேச்சு நின்றுவிட்டது. வா என்று ஒரே ஒரு எழுத்து. போதும் செல்வி, வந்துடு, இந்த வீட்டில் தனியாக இருக்க முடியவில்லை, ராத்திரி டி.வி.யைப் போட்டுவிட்டு வேறு அறையில் போய்ப் படுக்கிறேன், ஆள் சத்தம் கேட்கட்டும் என்று. இதையெல்லாம் சொல்ல வாயைத் திறந்தான். கண்ணாடியில் பார்த்தான். பின்னாலிருந்த அத்தனை முகமும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு கிழவர் காதைத் திருப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பொண்டாட்டி இல்லாமல் இருக்க முடியவில்லை என்று இத்தனை பேர் நடுவில் சொல்கிற ஆம்பளையா அவன்?

"உன் இஷ்டம்" என்றான்.

"என் இஷ்டமா?" என்றாள்.

"யோசிச்சி, அடுத்த வாரம் சொல்லலாம்."

"சரிங்க" என்று வைத்துவிட்டாள்.

வண்டியை எடுத்த பிறகுதான் சைமனுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. அன்று கியர் மாற்றிய மாற்றலில் மணிவேல் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தான். அந்த வாரம் முழுக்க சைமன் ஒத்திகை பார்த்தான். குளிக்கும்போது, வெறும் வண்டியை ஷெட்டுக்கு ஓட்டிப் போகும்போது, "வந்துடு செல்வி. வந்துடு. யார் இருந்தாலும் பரவால்ல, வந்துடு" என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தான். தனியாக இருக்கும்போது எவ்வளவு சுலபமாக வருகிறது! கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து, அவள் இப்போது என்ன நினைத்துக்கொண்டிருப்பாள் என்று தவித்தான். வளையம் மணியைக் காட்டியது. அவள் மனசை எந்த முள் காட்டும்?

வெள்ளிக்கிழமை வந்தது. வண்டி கிளம்புகிற நேரத்துக்கு ஒருத்தர் பையோடு வந்து ஏறினார். பார்த்திபன் என்று செக்கிங் இன்ஸ்பெக்டர். மலைத் தடத்தில் வண்டி ஏன் தாமதமாகப் போய்ச் சேருகிறது என்று பார்த்துவரச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். கெட்ட மனிதர் இல்லை. முன் சீட்டில் செவ்வந்தி பக்கத்தில் உட்கார்ந்து அவள் கொடுத்த கொய்யாக்காயை வாங்கித் தின்றுகொண்டு வந்தார்.

டவர் வளைவில் சைமன் ஓரம் கட்டினான்.

"ஏம்பா நிறுத்தற?"

"சூடு ஆறணுங்க, சார்."

இன்ஸ்பெக்டர் அதை நம்பிச் சும்மா இருந்தார். நேரம் போய்க்கொண்டே இருந்தது. போன் அடிக்கவில்லை. வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது. மழை பிடித்தால் மேலே மண் சரியும். "போதும்பா, எடு" என்றார். சைமன் கும்பிடாத குறையாகத் திரும்பினான். மணிவேல் முந்திக்கொண்டு முழுக் கதையையும் சொன்னான். செவ்வந்தியும் அவன் விட்டதையெல்லாம் சேர்த்துச் சொன்னாள்.

இன்ஸ்பெக்டருக்கு மனசு இளகிவிட்டது. "எத்தினி மணிக்கு கூப்புடுவாங்க?"

"அங்க ரெண்டு மணிக்குங்க."

"இப்போ அங்க மணி இன்னா?"

சைமன் கடிகாரத்தைப் பார்த்தான். சின்ன முள் வளையத்தின் இரண்டைத் தாண்டியிருந்தது. பெரிய முள் ஆறைத் தாண்டி ஏழில் நின்றது. பொய் சொல்லத் தெரிந்த ஆளாக இருந்தால் ஒன்றே முக்கால் என்று சொல்லியிருப்பான். கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்ட வித்தை, சரியாகப் படித்துச் சொன்னான்.

"ரெண்டு அஞ்சுங்க."

"அப்போ தாண்டிடுச்சேப்பா. இன்னிக்கு அவங்களுக்கு முடியல போல. மழைக்கு முன்ன மேல சேரணும். எடு."

"எப்பவும் கொஞ்சம் லேட்டாதாங்க கூப்புடும், சார். அந்த வூட்டு கடியாரம் ஸ்லோ."

"எல்லாரு கடியாரத்துக்கும் நாம காத்துனு இருக்க முடியுமாப்பா? எடு, நான் சொல்றேன்ல."

மூன்றாவது சீட்டில் ஷஃபியுல்லா பாய் பிரியாணி மயக்கத்தில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். அவர் ஒருத்தர் முழித்திருந்தால் தன் செல்போனைப் பார்த்து, நாலரையே ஆகவில்லையே என்று கத்தியிருப்பார். மணிவேல் கையில் கடிகாரமே கிடையாது. செவ்வந்திக்கு மணி எதற்கு? இன்ஸ்பெக்டர் டிரைவர் சொன்னதை நம்பினார். டிரைவர் வளையத்தை நம்பினான். சைமன் கண்ணாடியைத் துடைத்து, ஹாரனைத் தட்டி, நாலைந்து நிமிஷம் கடத்திப் பார்த்துவிட்டு முதல் கியரைப் போட்டான்.

வண்டி வளைவைத் திரும்பி மேலே ஏறும்போது பாக்கெட்டில் போன் அடித்தது. ஒரே ஒரு தடவை. முழுசாகக்கூட அடிக்கவில்லை, டவர் போய் வாயை மூடிக்கொண்டது.

சைமன் பிரேக்கில் ஏறி நின்றான். ஹேண்ட் பிரேக்கை இழுத்தான். மணிவேல் கல்லைத் தூக்கிக்கொண்டு டயருக்கு வைக்க ஓடினான். அந்தப் பெரிய உடம்பு கதவைத் திறந்து குதித்து, போனைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி இறக்கத்தில் தடதடவென்று ஓடியது. பாறைக்குப் பக்கத்தில் போய் நின்றான். டவர் வந்தது. போன் அடிக்கவில்லை. ஒரு நிமிஷம் நின்றான். இரண்டு நிமிஷம். "அடிச்சித் தொல, அடி" என்று போனைப் பார்த்துக் கெஞ்சினான். திரையில் அந்த எண் இருந்தது. அதைத் தொடக் கூடாது. தொட்டால் அவளுக்குத்தான் கேடு. சாலை நடுவில் நின்று அந்த ஆள் குழந்தை மாதிரி அழுதான்.

பஸ் குலுங்கியதில் முழித்துக்கொண்ட பாய், விஷயம் கேட்டு, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். அவருக்குப் பின்னால் செவ்வந்தி, மணிவேல், இன்ஸ்பெக்டர், பாதி பஸ்.

"ரெண்டு மணிக்கு டாண்ணு அடிச்சிருக்கா உன் பெண்டாட்டி. உன் கடியாரத்துக்கு இன்னாடா வந்துது?" என்றார் பாய்.

"அவரு கடியாரம் எப்பவுமே பத்து நிமிஷம் ஃபாஸ்ட்டுங்க பாய்" என்றான் மணிவேல். சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டான்.

பாய் திட்ட வாயெடுத்தவர், சைமன் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். "அந்த நம்பர சொல்லு."

"வாணாம் பாய். அந்தம்மா கத்தும்."

"தமிழ்ல பேசினா கத்தும். நான் அரபில பேசறேன், சொல்லு."

தன் போனில் போட்டார். மணி போனது. யாரோ எடுத்தார்கள். பாய் குரலே மாறிவிட்டது. சலாம் சொன்னார், சுகம் கேட்டார், வெள்ளிக்கிழமையில் தொந்தரவு செய்ததற்கு மன்னிப்புக் கேட்டார் போலிருக்கிறது. அரபியில் நீளமாக, மரியாதையாகப் பேசினார். அந்தப் பக்கம் குரல் உயரவில்லை. சைமன் பாயின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். பாய் கேட்டுக்கொண்டே வந்தவர் ஒரு இடத்தில் பேச்சை நிறுத்தினார். போனைக் கையால் மூடிக்கொண்டார்.

"சைமனு, உன் பெண்டாட்டி நேத்தே இருக்கறேன்னு சொல்லிட்டாளாம். பேப்பரும் நேத்தே போய்டுச்சாம்."

"இன்னிக்கி வரைக்கும் டைமுன்னு சொன்னாளே பாய்!"

"அங்க வெள்ளிக்கெழம லீவுடா. வெள்ளிக்குள்ளன்னா வியாழக்கெழமையோட முடிஞ்சிது."

மணியைப் படிக்கக் கற்றுக்கொண்டானே தவிர, அந்த ஊரில் வாரம் எங்கே முடிகிறது என்று அவன் யாரையும் கேட்டதில்லை. பாய் மறுபடி போனில் இரண்டு வார்த்தை கெஞ்சலாகச் சொல்லிவிட்டு, அதை அவன் கையில் கொடுத்தார். "குடுக்கறாங்க. பேசு."

"ஏங்க?" என்றாள் செல்வி. "போன் போவவே இல்லியே. நல்லா இருக்கீங்கதானே? யாரு அது அரபில பேசனது?"

சுற்றி இருபது பேர் நின்றார்கள். இன்ஸ்பெக்டர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். செவ்வந்தி மட்டும் பார்த்துக்கொண்டே நின்றாள். சைமன் எதையும் பார்க்கவில்லை.

"செல்வி, வந்துடு" என்றான். "நீ இல்லாம இருக்க முடியல. சோறு எறங்கல. வூட்டுக்குள்ள போவவே புடிக்கல. எனக்கு காசும் வாணாம் ஒண்ணும் வாணாம். நீ வந்துடு."

குரல் மலையில் அடித்துத் திரும்பியது. அவ்வளவு சத்தமாக அவன் பேசி யாரும் கேட்டதில்லை.

"பஸ்ஸுல ஆளுங்க இல்லியா?" என்று கேட்டாள் செல்வி, மெதுவாக.

"இருக்காங்க. எல்லாரும் இருக்காங்க."

அவள் அழுவது கேட்டது. அது கடைசி ஆள் வரைக்கும் கேட்டது.

"இத போன வாரம் சொல்லி இருக்கக் கூடாதா நீங்க? நான் துணிமணிகூட மடிச்சி வெச்சிருந்தேங்க. நீங்க வான்னு ஒரு வார்த்த சொல்லுவீங்க, சொன்னதும் மேடம்கிட்ட போறேன்னு சொல்லிடலாம்னு இருந்தேன். உன் இஷ்டம்னு சொல்லிட்டீங்க. என் இஷ்டம் இன்னான்னு கேக்கலியே. சரி, அவருக்கு நான் வரணும்னு இல்ல போலருக்குதுன்னு நெனச்சிட்டேன்."

"அப்டி இல்ல செல்வி..."

"இப்போ இன்னாங்க பண்றது? பேப்பரு போய்டுச்சி."

பின்னால் யாரோ அவளைக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "மேடம் கூப்புடறாங்க. வேளைக்கு சாப்புடுங்க, மறக்காதீங்க. ஜோஸ்லின அழ வுடாதீங்க. அடுத்த வாரம் ரெண்டு மணிக்கு" என்று வைத்துவிட்டாள்.

சைமன் போனைப் பாயிடம் கொடுத்தான். பாய் அவன் தோளைப் பிடித்துக்கொண்டே மேலே நடத்திக் கூட்டி வந்தார். வழியில் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது, எல்லாவற்றையும்தான் கேட்டாகிவிட்டதே. எல்லோரும் ஏறி அவரவர் மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். மணிவேல் டயரிலிருந்து கல்லை எடுத்துவிட்டு விசிலை வாயில் வைத்தான், ஊதவில்லை.

"ரெண்டு வருசம் சட்டுனு போய்டும்ணா" என்றாள் செவ்வந்தி.

சைமன் தலையாட்டினான். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. முன் கண்ணாடியில் மழைத் துளி விழ ஆரம்பித்திருந்தது, வைப்பரைப் போட்டான். வைப்பர் இரண்டு தடவை போய் வந்த பிறகும் சாலை தெரியவில்லை. சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தான். இன்னும் தெரியவில்லை. நாற்பது பேரை வைத்துக்கொண்டு கண் தெரியாமல் வளைவு ஏற முடியாது.

"கொஞ்சம் இருங்க சார்" என்றான் இன்ஸ்பெக்டரிடம். "இருப்பா, மெதுவா எடு" என்றார் அவர்.